மூன்று ஃபிளாஷ், ஒரு வேட்டி: வீட்டுக் கூடத்திலேயே ஒரு ஸ்டுடியோ

கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை கைவேலை! சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஓவியம், வீணை, தலையாட்டி பொம்மை. இன்றைக்கு வாங்குகிறவர் பொருளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் படத்தில்தான் பார்க்கிறார். அந்தப் படம் டியூப்லைட் வெளிச்சத்தில் அவசரமாக எடுத்ததாக இருந்தால், ஐம்பொன் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது. அரக்குப் பட்டு பழுப்பாகிவிடுகிறது. மாதக்கணக்கில் உளி பிடித்தவரின் உழைப்பை ஒரு மோசமான படம் மறைத்துவிடுவது எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய ஸ்டுடியோ விளக்குகள் வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிளாஷ் மூன்று போதும். மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். ஒன்றை வாங்குங்கள், அதன் வேலை கைவரட்டும், அப்புறம் அடுத்தது. எந்த ஃபிளாஷ் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் மூன்றையும் ஒன்றாக எரியவிட்டால், படம் கெட்டால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

என்னென்ன வாங்க வேண்டும்

முதலில் கேமரா. மேலே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவும் மேனுவல் வசதியும் உள்ள எந்த டிஜிட்டல் கேமராவும் ஆகும். பத்து வருடப் பழசான செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த சாதாரண லென்ஸும் போதும். நாம் பெரும்பாலும் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 8 என்ற அளவில் வைத்துத்தான் எடுக்கப் போகிறோம்; அங்கே எல்லா லென்ஸும் நன்றாகவே வேலை செய்யும். போன் கேமராவோடு இந்த வகை ஃபிளாஷ்கள் ஒத்துப்போகாது.

அடுத்து ஃபிளாஷ். டிடிஎல் என்கிற தானியங்கி வசதி உள்ளவற்றுக்கு விலை கூடுதல். ஓடியாடும் கல்யாண வீட்டில் அது தேவைதான். வீட்டு ஸ்டுடியோவில் ஃபிளாஷும் பொருளும் வைத்த இடத்திலேயே இருக்கும். பவரை ஒருமுறை கையால் வைத்துவிட்டால் நூறு படத்துக்கும் அதுவே. எனவே மேனுவல் மட்டும் உள்ளதை வாங்குங்கள். கோடாக்ஸ் டிடி600, யோங்னுவோ ஒய்என்560-இன் நான்காம் பதிப்பு, இந்த இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. இரண்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால் தனியாக வாங்க வேண்டாம். பவரை முழுசிலிருந்து 1/128 வரை பாதி பாதியாகக் குறைக்கலாம்.

பெட்டியில் கைடு நம்பர், அதாவது ஃபிளாஷின் வீச்சைச் சொல்லும் எண், 60 என்றும் 58 என்றும் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபிளாஷ் தலையை முழுக்க ஜூம் செய்து, ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100-இல் மீட்டர் கணக்கில் அளந்தது அது. குடைக்குள் விட்டால் அதில் பாதிகூட மிஞ்சாது. நாம் நாலைந்து அடி தூரத்தில் வேலை செய்வதால் அந்த மிச்சமே தாராளம்.

ஒரே நிறுவனத்தின் ஃபிளாஷ்களாக வாங்குவது முக்கியம். ஃபிளாஷை எரியச் சொல்லி ரேடியோவில் ஆணையிடுவது ட்ரிக்கர்; ஒரு நிறுவனத்தின் ட்ரிக்கர் இன்னொரு நிறுவனத்தின் ஃபிளாஷோடு பேசாது. கேமரா மேல் மாட்டும் ட்ரிக்கர் உங்கள் கேமராவுக்கு உரியதாக இருக்க வேண்டும்: கேனனுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று. அப்பா காலத்து ஃபிளாஷ் பரணில் கிடக்கிறது என்று எடுத்து கேமராவில் மாட்டிவிடாதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில், கேமராவில் மாட்டும் அடிக்காலுக்கு வரும் வோல்ட்டேஜ் டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட்டையே எரித்துவிடும்.

ஃபிளாஷ் ஒன்றுக்கு நான்கு ஏஏ பேட்டரி. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் வேண்டும், 2000 எம்ஏஎச் அளவில். சாதாரண பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும். அடுத்த ஃபிளாஷ் தயாராவதற்குக் காத்துக் காத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமும் சோர்ந்துவிடும். நான்கு நான்காகச் சேர்த்து எண் ஒட்டி வையுங்கள். ஒரு செட்டை இன்னொன்றோடு கலக்க வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்பது நம் பக்கத்தில் பேட்டரி ஃபிளாஷுக்குப் பெரிய லாபம்.

பிறகு 7 அடி ஸ்டாண்ட், அதன்மேல் ஃபிளாஷையும் குடையையும் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட், 43 அங்குல வெள்ளைக் குடை. ஒளி ஊடுருவும் வகைக் குடையைக் கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்பாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். அதன் வேலையை வேட்டி செய்யும்.

அறையைத் தயார் செய்வது

நம் வீடுகளில் பச்சை, ரோஸ், வானநீலம் என்று சுவர் இருக்கும். ஃபிளாஷ் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும்போது அந்த நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்து முகத்தில் பூசும். சிவப்பு சிமெண்ட் தரை இன்னும் மோசம்: தாடைக்கு அடியிலும் வெள்ளைச் சட்டையின் மடிப்பிலும் சிவப்பேறும். பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். பக்கத்துச் சுவரில் வெள்ளைத் துணி அல்லது தெர்மாகோல் சாய்த்து வையுங்கள்.

10 அடிக்கு 12 அடி அறையே போதும். பழைய வீடாக இருந்தால் வசதி அதிகம்: பொருளைக் கூடத்தில் வைத்து, கேமராவோடு நீங்கள் ரேழியில் நின்று வாசல்வழியாக எடுக்கலாம். தூரம் கிடைக்கும், முகம் உருமாறாது. பகலில் முற்றத்து வெளிச்சம் அதிகம் வந்தால் படுதாவை இறக்கிவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கஷ்டம்தான். ஆனால் குடை காற்றில் சாய்ந்தால் ஃபிளாஷ் தரையில். ஸ்டாண்டை உயர்த்தும்போது குடை இறக்கையில் பட்டால் இன்னும் ஆபத்து. ஸ்டாண்டின் காலில் 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் அசையாது.

ஒரே ஒரு ஃபிளாஷ்

இந்தப் பகுதிக்கு நிறைய நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/160. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பான ஒயிட் பேலன்ஸ் ஃபிளாஷ் குறிக்கு. ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பாக, எடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் கறுப்பாக வர வேண்டும். வந்தால், வீட்டு விளக்கோ ஜன்னல் வெளிச்சமோ படத்தில் கலக்கவில்லை என்று அர்த்தம். ஏதாவது தெரிந்தால் டியூப்லைட்டை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள்.

ஷட்டர் வேகத்தை 1/160-க்கு மேல் ஏற்றாதீர்கள். பல கேமராக்கள் 1/200 வரைகூடத் தாங்கும். அதற்கு மேலே போனால் ஷட்டரின் திரை மறைத்து, படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக வரும். ஃபிளாஷ் ஒளி கண் இமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்தில் வந்து போய்விடுவதால் ஷட்டரை மாற்றினால் அதன் அளவு மாறாது. படம் வெளுப்பதும் கறுப்பதும் அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபிளாஷின் பவர், தூரம் இந்த நான்கில்தான். ஷட்டர் அறை வெளிச்சத்தை மட்டுமே கூட்டிக் குறைக்கும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது வீட்டில் யாரையாவது உட்காரச் சொல்லுங்கள். சுவரிலிருந்து 5, 6 அடி தள்ளி உட்காரட்டும். அவர் முகத்துக்கு ஒரு பக்கமாக 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே, 4 அடி தூரத்தில் குடை. ஃபிளாஷின் ஜூமை 24-க்கோ 35-க்கோ இறக்குங்கள், அப்போதுதான் குடை முழுக்க ஒளி நிறையும். பவர் 1/4. ஒரு படம் எடுங்கள். வெளுத்தால் 1/8, இருண்டால் 1/2.

பின்னர் குடையை 8 அடிக்குக் கொண்டுபோய் அதே பவரில் எடுங்கள். தூரம் இரட்டிப்பானதும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிட்டிருக்கும், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒளி ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப்). அதைவிட முக்கியம் நிழலைப் பார்ப்பது. பக்கத்தில் இருந்தபோது மூக்கின் நிழல் மெல்லக் கரைந்தது. தூரம் போனதும் கோடு போட்ட மாதிரி வெட்டி நிற்கிறது. ஒளியை மென்மையாக்குவது குடையின் அளவும் நெருக்கமும்தான். பவரைக் குறைத்தால் மென்மையாகும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

தூரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு: 4 அடி, 5.6 அடி, 8 அடி, 11 அடி. ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். அப்பர்ச்சர் எண்களும் இவையே என்பதால் மறக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். கறுத்த முகத்தை வெளுப்பாகக் காட்டவென்று பவரை ஏற்றாதீர்கள். நம் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய குடையை நெருக்கமாக வைத்தால் கன்னத்திலும் நெற்றியிலும் அந்த மினுமினுப்பு தானாக வரும். கண்ணாடி அணிந்தவராக இருந்தால் குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்; கண்ணாடியில் வெள்ளைக் குடை தெரியாது.

இரண்டாவது, மூன்றாவது

இரண்டாவது ஃபிளாஷை வாங்குவதற்கு முன்னால், முகத்தின் நிழல் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். அது போதாத இடத்தில்தான் இரண்டாவது ஃபிளாஷுக்கு வேலை: நிழலைத் தூக்குவது. அழிப்பது அல்ல. முதல் ஃபிளாஷ் 1/4 என்றால், அதே தூரத்தில் அதே மாதிரிக் குடையில் இதை 1/8-இல் வையுங்கள், ஒரு ஸ்டாப் குறைவு. வயதானவர்களின் முகச்சுருக்கத்தில் இருக்கும் வாழ்வு தெரிய வேண்டுமென்றால் 1/16. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் முகம் தட்டையாகி, பாஸ்போர்ட் படம்தான் வரும்.

மூன்றாவது ஃபிளாஷ் பின்னாலிருந்து. கறுத்த முடி, கறுத்த பின்னணி என்றால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி ஃபிளாஷ் தலையில் ரப்பர் பேண்டால் மாட்டுங்கள், 6 அங்குல நீளக் குழாயாக. பின்பக்கத்து மூலையிலிருந்து 1/32-இல் கூந்தலைக் குறிவையுங்கள். மல்லிகைச் சரத்தின் விளிம்பு துலங்கும். லென்ஸுக்குள் நேராக ஒளி விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணி பளிச்சென்று வெள்ளையாக வேண்டுமென்றால் இதே ஃபிளாஷைச் சுவரை நோக்கித் திருப்பி, முகத்தைவிட ஒரு ஸ்டாப் அதிகமாக விடுங்கள்.

சேர்க்கும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலாவதை மட்டும் எரியவிட்டு ஒரு படம். அதை அணைத்து இரண்டாவது மட்டும். அப்புறம் மூன்றாவது மட்டும். ஒவ்வொன்றும் தனியாக என்ன தருகிறது என்று பார்த்த பிறகு மூன்றும் சேர்ந்து. ட்ரிக்கரில் ஏ, பி, சி என்று குழு பிரித்து வைத்துக்கொண்டால் கேமரா இருக்கும் இடத்திலிருந்தே அணைக்கலாம், பவரை மாற்றலாம்.

சிலை, விளக்கு, ஓவியம், பட்டு

மெருகேற்றிய ஐம்பொன்னுக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். காரணம், பளபளக்கும் உலோகம் தனக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். அறை இருட்டாக இருந்தால் சிலையிலும் இருட்டே தெரியும். ஆகவே சிலைக்கு ஒளியூட்டுவதை விட்டுவிட்டு, சிலை எதைப் பார்க்கிறதோ அதற்கு ஒளியூட்டுங்கள். இதற்குத்தான் வேட்டி.

மூங்கில் குச்சி நான்கை 4 அடிக்கு 6 அடிச் சட்டமாகக் கட்டி, கரையை மடித்துவிட்டு, வெள்ளை வேட்டியை ஒற்றை அடுக்காகச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பழைய, துவைத்து மெலிந்த வேட்டி நல்லது. நீலம் போட்டது வேண்டாம், படமும் நீலமாகும். சட்டத்தைச் சிலையின் ஒரு பக்கத்தில், படத்தின் விளிம்பில் தெரியாத அளவுக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். வேட்டிக்குப் பின்னால் 3 அடி தள்ளி முதல் ஃபிளாஷ். துணி முழுக்க ஒரே சீராக வெளுக்க வேண்டும். நடுவில் மட்டும் வெளுத்தால் ஃபிளாஷை இன்னும் பின்னால் தள்ளுங்கள். எதிர்ப்பக்கம் தெர்மாகோல். இப்போது சிலையின் தோளிலும் தொடையிலும் நீண்ட, மென்மையான ஒளி ஓடும்.

ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையாகிவிட்டால் உருவத்தின் கோடுகள் கரைந்துபோகும். 2 அங்குல அகலத்தில் கறுப்பு அட்டைப் பட்டைகளை வெட்டி, வேட்டிக்கும் சிலைக்கும் நடுவில் நிறுத்திப் பாருங்கள். கையின் வளைவிலும் இடுப்பின் ஒசிவிலும் மெல்லிய கறுப்புக் கோடு விழும். ஸ்தபதி செதுக்கியது அப்போதுதான் எழுந்து நிற்கும். பட்டையை ஒரு விரல்கடை நகர்த்தினாலும் கோடு நகரும், பொறுமையாகத் தேடுங்கள். நடராசர் என்றால் மூன்றாவது ஃபிளாஷைப் பின்னாலிருந்து சாய்வாக விட்டுத் திருவாசியின் சுடர்களைப் பிரித்துக் காட்டலாம். எடுப்பதற்கு முன் பருத்தித் துணியால் விரல்ரேகையைத் துடைத்துவிடுங்கள்.

குத்துவிளக்கை ஏற்றி எடுக்கவேண்டும் என்றால் விதி கொஞ்சம் மாறும். 1/160-இல் சுடர் மங்கிவிடும். கேமராவை ட்ரைபாடில் பூட்டி ஷட்டரை 1/15-க்கு இறக்குங்கள். சுடர் உயிரோடு வரும், பித்தளையை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும். அறை நன்றாக இருட்டியிருக்க வேண்டும். ஃபிளாஷின் ஒளி வெள்ளை, சுடரின் ஒளி மஞ்சள், இரண்டும் ஒட்டாது. ஃபிளாஷ் தலையில் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டி, ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டன் (குண்டு பல்பு) குறிக்கு மாற்றினால் சேர்ந்துகொள்ளும். வேட்டிச் சட்டத்தைச் சுடருக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கரேக்கு ஒரு தொல்லை, மேலே கண்ணாடிச் சட்டம் இன்னொரு தொல்லை. கேமராவை ஓவியத்துக்கு நேர் எதிரே, சாயாமல் வையுங்கள். இரு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு குடை. மக்குப் பூசி எழுப்பிய மேடு தெரிய வேண்டும் என்பதால் இரண்டையும் சமமாக வைக்காதீர்கள். ஒரு பக்கம் ஒரு ஸ்டாப் அதிகம். கண்ணாடியைக் கழற்ற முடிந்தால், லென்ஸைச் சுற்றி வெள்ளைத் தெர்மாகோலை வைத்து அதன்மேல் மூன்றாவது ஃபிளாஷைக் குறைந்த பவரில் விடுங்கள், ரேக்கு பொன்னாக ஒளிரும். கண்ணாடி மாட்டியே இருந்தால் நேர்மாறு: கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் உங்கள் முகமும் ஓவியத்தில் இருக்கும். ஃபிளாஷிலும் லென்ஸிலும் போலரைசர் என்கிற ஒளி வடிகட்டியை ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டி மினுக்கத்தை நீக்கும் முறை சாதாரண ஓவியத்துக்கு அருமையானது. தங்கரேக்குக்கு அது ஆகாது, பொன் கறுத்துவிடும்.

பட்டுக்குச் சொல்ல அதிகம் இல்லை. மடிப்போடு வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாழ்வாக ஒளி விடுங்கள், ஜரிகை எழும். முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைச் சேலைமேல் வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் நிறத்தைச் சரியாக நிறுத்தலாம். மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டுக்கு ஒரு படம் போதாது. கோணத்தை மாற்றி இரண்டு எடுங்கள்.

ஃபிளாஷ் எரியவில்லை என்றால்

ட்ரிக்கரிலும் ஃபிளாஷ்களிலும் சானல் எண் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் பொதுவாக ஃபிளாஷ் எரியாது, மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். அதே கேமராக்களில் ஸ்டுடியோ அமைப்பு வைத்ததும் திரையே கறுப்பாகிவிடும். பழுது ஒன்றும் இல்லை. வெளிச்ச முன்னோட்டம் என்கிற அமைப்பை அணைத்தால் சரியாகும். கோடாக்ஸ் ட்ரிக்கர் மிகப் பக்கத்தில் இருக்கும்போது சில முறை விட்டுவிட்டு எரியும். அதில் தூரத்தை 0-30 மீட்டர் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, சின்ன அறைக்கு அதுதான்.

முழுப் பவரில் தொடர்ந்து அடித்தால் ஃபிளாஷ் சூடேறும். 1/4-க்கு மேல் போகவேண்டிய தேவை அடிக்கடி வந்தால் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள், அல்லது குடையை நெருக்குங்கள்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஃபிளாஷில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வைக்கவேண்டும். குடைத்துணி ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி மடியுங்கள். வேலை இல்லாத மாதங்களிலும் இடையிடையே பேட்டரி போட்டு நாலைந்து முறை எரியவிட்டு வாருங்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கெடாது.